பட்டா தொலைந்தால் நிலம் தொலையாது

பால் பொங்கி வரும் நேரத்தில் வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் நடத்திய சார் வந்திருந்தார். கையில் துணிப்பை. பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க்.

செய்யாறு, வந்தவாசி பக்கத்துக் கிராமங்களில் கோடைக்குக் கோடை பாரதக் கூத்து நடக்கும். சார் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு சின்னக் கேமராவோடு போய், விடிய விடிய உட்கார்ந்து அதைப் பதிவு செய்து வருகிறார். பன்னிரண்டு கோடைகளின் கூத்து அந்த 2 டெராபைட் டிஸ்க்கில் இருக்கிறது. அதில் ஆடியவர்களில் மூன்று பேர் இன்று நம்மோடு இல்லை.

"நேத்து ராத்திரி பாத்துட்டே இருந்தேம்பா. பொசுக்குனு கரண்ட் போச்சு. வந்ததும் திரும்பப் போட்டா, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது."

"நீங்க என்ன அழுத்தினீங்க சார்?"

"ஒண்ணும் அழுத்தல. பயந்துபோய்ப் பிடுங்கி எடுத்துட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. உக்காருங்க, டீ போடுறேன்."

ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. இந்த நிலையில் ஒருவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம், எதையும் செய்யாமல் பிடுங்கி வைப்பதுதான். ஏன் என்பதை அன்று டீ ஆறும்வரை சாருக்குச் சொன்னேன். இதே பயத்தோடு நிற்கிற எல்லாருக்கும் அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும். "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் சொல்வதை, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் விண்டோஸ் சொல்வது ஒன்றுதான்: "இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை." தெரியாத இடத்தைக் காலி மனை என்று நினைத்து, புதிதாக வீடு கட்டித் தரட்டுமா என்று கேட்கிறது. அங்கே ஏற்கெனவே வீடு இருப்பது அதற்குத் தெரியாது.

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் வயலில் இருக்கிறது. எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, யாருடையது என்ற கணக்கு கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கிறது. டிஸ்க்கும் அப்படித்தான். உங்கள் படமும் பாட்டும் வயல். எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் பெயர் என்ன என்ற கணக்கு, டிஸ்க்கிலேயே தனியாக ஓரிடத்தில் இருக்கும் பதிவேடு. அதைத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம். பதிவேட்டின் முதல் பக்கம் கிழிந்தால்கூடக் கணினிக்குக் கிராமமே இல்லாமல் போய்விடும். ஆனால் பட்டா தொலைந்ததால் நிலம் தொலைந்துவிடாது. வயல் போட்டது போட்டபடி கிடக்கும், வேறொருவர் வந்து ஏர் பூட்டாதவரை.

அந்த ஏர் பூட்டுகிற வேலைதான் எழுதுவது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதுக்கும் ஒரே விதி: நோயுற்ற டிஸ்க்கிலிருந்து படிக்கலாம், அதில் எழுதக் கூடாது.

சார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப உள்ள இருக்குன்னு சொல்றியா?"

டிஸ்க் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவருக்கு ஓர் உண்மைக் கதை சொன்னேன். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அதில் செனான் வாயுவின் பாகுநிலை பற்றி நடந்த ஒரு சோதனையின் அளவுகள் சிறிய ஹார்டு டிஸ்க் ஒன்றில் பதிவாகியிருந்தன. சில மாதங்கள் கழித்து வறண்ட ஏரிப் படுகையில் சிதிலங்களோடு அந்த டிஸ்க் கிடைத்தது. பிளாஸ்டிக் எல்லாம் உருகி, உள்ளே தூசி புகுந்திருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் என்ற தரவு மீட்பு நிறுவனத்தார் தட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, வேறு பெட்டியில் பொருத்தி, சுமார் 99 விழுக்காடு தரவைப் படித்து எடுத்தார்கள். 2008-இல் அந்தச் சோதனையின் முடிவுகள் ஆய்விதழில் வெளியாயின. வானத்திலிருந்து எரிந்து விழுந்த டிஸ்க்கில் தரவு பிழைத்ததற்குக் காரணங்களில் ஒன்று, அது பாதிதான் நிரம்பியிருந்தது. தட்டில் சேதமான பகுதியில் தரவு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அத்தனை தாங்கும் டிஸ்க்கில் உள்ளதை, ஒரு பொத்தானை அழுத்தி நாமே அழித்துவிடுகிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் ஒயர், பிறகு மின்சாரம், பிறகு பெட்டிக்குள் சுழலும் இயந்திரம், கடைசியில் பதிவேடு.

ஒயரில் தொடங்குவோம். கையடக்க டிஸ்க்குகளில் பலவற்றுக்கு அகலமாக, இரண்டாகப் பிரிந்த மாதிரி ஒரு முனை இருக்கும். அது சீக்கிரம் தளர்ந்துவிடும். பார்க்கச் சரியாக உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு ஒயரைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும் என்பது கணக்கு. யுஎஸ்பி 3.0 துளைக்கு அது 900. நின்ற தட்டைச் சுழலவைக்கும் அந்த முதல் சில நொடிகளில் டிஸ்க்குக்கு மின்சாரம் அதிகம் தேவை. மேசைக் கணினியின் முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு நீண்ட ஒயர் ஓடுகிறது, அதில் கொஞ்சம் விழுந்துவிடும். ஆகவே பின்பக்கத் துளையில், நடுவில் ஹப் எதுவும் இல்லாமல், நேராகச் செருகுங்கள். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். வேறொன்றை மாற்றிப் போடுவதற்கு முன் வோல்ட்டும் முனையின் துருவமும் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். தவறான அடாப்டர் போர்டையே எரித்துவிடும்.

"ஒயர மாத்தினாலே சரியாப் போறதும் உண்டா?"

"உண்டு சார். அதனாலதான் அங்கேருந்து ஆரம்பிக்கிறோம்."

அதற்கும் சரியாகவில்லை என்றால் காதைக் கொடுங்கள். டிஸ்க்கை மேசையில் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒருமுறை செருகிக் கேளுங்கள். நலமாக இருக்கும் டிஸ்க் மெல்ல ஒரு ரீங்காரத்தோடு சுழலத் தொடங்கும். படிக்கும் ஹெட் இறங்கும்போது ஒரு சின்ன 'டிக்' வரும், பிறகு அமைதி. மாறாக 'டக்... டக்... டக்' என்று சீரான இடைவெளியில் தட்டிக்கொண்டே இருந்தால், ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று அர்த்தம். சுழலாமல் மெல்லிய பீப் ஒலி வந்தால், ஒன்று மின்சாரம் போதவில்லை, அல்லது ஹெட் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுழல விடாமல் பிடித்திருக்கிறது. நல்ல துளையில் நல்ல ஒயரோடு செருகிய பிறகும் இந்த இரண்டு சத்தத்தில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். இன்னொரு முறை பார்ப்போமே என்று செருக வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய கைபேசிப் படம் ஒன்றே அந்த இடத்தை நிரப்பிவிடும். அந்தப் பெட்டியில் ஹெட், தட்டுக்குச் சுமார் 20 மைக்ரான் மேலே காற்றுமெத்தையில் மிதந்தது. அதன் பிறகு நடந்த கதை முழுக்க அந்த இடைவெளியைக் குறைத்த கதைதான். ஹெட் எவ்வளவு கிட்டே போகிறதோ அவ்வளவு நெருக்கமாக எழுதலாம். இன்று அந்த இடைவெளி ஒரு சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் சிறிய டிஸ்க்கின் விளிம்பு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அத்தனை கிட்டத்தில், அத்தனை வேகத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி நடுவில் வந்தாலும் அது மலை. வளைந்துபோன ஹெட்டோடு ஓடும் ஒவ்வொரு சுற்றும் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டும். அந்தப் பூச்சில்தான் உங்கள் கூத்து இருக்கிறது.

ஆகவே வீட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. தட்டிப் பார்ப்பது, குலுக்குவது எதுவும் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு யோசனை பல வருடமாகச் சுற்றுகிறது. குளிரிலிருந்து நம் ஊர் வெக்கைக்கு எடுத்ததும் தட்டின் மேல் நீர் கோக்கும், அந்த ஈரத்தோடு சுழலவைத்தால் முடிந்தது கதை. தயவு செய்து செய்யாதீர்கள்.

சாருடைய டிஸ்க்கைச் செருகிக் கேட்டோம். ரீங்காரம் சீராக இருந்தது, தட்டல் இல்லை. சார் மூச்சு விட்டார். இயந்திரம் ஓடுகிறது என்றால் அடுத்து விண்டோஸ் அதை எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். 'திஸ் பிசி' திரையை விட்டுவிட்டு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியைத் திறங்கள். அங்கே பார்ப்பதோடு சரி, எதையும் அழுத்த வேண்டாம்.

டிஸ்க் நலமாக இருக்கிறது என்று காட்டி, ஈ, எஃப் போல ஓர் எழுத்து மட்டும் இல்லாமலிருந்தால், உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தைக் கொடுத்தால் திறந்துவிடும். 'ரா' என்று காட்டினால் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்த வரப்பு தெரிகிறது, பதிவேடு படிக்க முடியவில்லை என்று பொருள். 'அன்அலொகேட்டட்' என்றால் வரப்புக் கணக்கே தொலைந்திருக்கிறது. 'நாட் இனிஷியலைஸ்டு' என்று காட்டி, அளவும் தெரியாமலிருந்தால், பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் சின்னப் பாலப் போர்டு பேசுகிறது, அதற்குப் பின்னால் உள்ள டிஸ்க் பதில் சொல்லவில்லை. அது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. சில நிறுவனங்களின் கையடக்க டிஸ்க்குகளில் அந்தப் பாலப் போர்டே எல்லாவற்றையும் பூட்டு மொழியில் மாற்றி எழுதுகிறது. பெட்டியை உடைத்து டிஸ்க்கை மட்டும் வேறு ஒயரில் மாட்டினால் வெறும் குப்பையாகத்தான் தெரியும். அந்தப் பச்சைப் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லாமலேயே ஃபார்மேட் கேள்வி வரும். மேக் கணினியில் தயாரான டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் வரும், ஏனென்றால் ஆப்பிளின் பதிவேட்டு முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கும் அப்படித்தான். கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் மேக்கில் போட்டுத் தந்திருப்பார். வீட்டுக் கணினி ஃபார்மேட் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுவார்கள். இது எங்கே எழுதப்பட்ட டிஸ்க் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

சாருடையது 'ரா' என்று காட்டியது. அளவும் சரியாக இருந்தது.

"அப்ப செக்டிஸ்க் போட்டா சரியாப் போயிடும்னு என் பேரன் சொன்னானே?"

நல்ல கேள்வி, ஏனென்றால் எல்லாரும் முதலில் சொல்லும் வைத்தியம் அது. விண்டோஸோடு வரும் செக்டிஸ்க், பதிவேட்டை அந்த டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும். நலமான டிஸ்க்கில் சின்னக் குழப்பம் என்றால் அது நல்ல கருவி. ஆனால் அதற்கு வேண்டியது ஒழுங்கான பதிவேடு. உங்கள் கோப்புகள் அதற்குப் பொருட்டில்லை. பொருந்தாத கணக்கை வெட்டிவிடும், உரிமையாளர் தெரியாத துண்டுகளைப் பெயரில்லாமல் ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். டிஸ்க் உடல்ரீதியாகத் தேய்ந்துகொண்டிருந்தால், அந்த வேலை முழுவதையும் சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கின் மேல் ஏற்றுகிறோம். செய்தது தவறு என்று தெரிந்தால் திரும்பிப் போக வழியும் இல்லை.

எனவே எழுதும் எந்த வைத்தியத்துக்கும் முன்னால் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதை உங்கள் கணினியில் நிறுவுங்கள், நோயுற்ற டிஸ்க்கில் அல்ல. நிறைய எண்கள் வரும், நான்கைப் பார்த்தால் போதும். 5 என்ற வரி, கெட்டுப்போனதால் டிஸ்க் ஏற்கெனவே மாற்றிடம் கொடுத்த செக்டார்களின், அதாவது தரவை எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களின், எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருக்கும் செக்டார்கள். 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. 199 ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் ஒயரோ இணைப்போதான்.

197-க்கு ஒரு குணம் உண்டு. காத்திருக்கும் செக்டாரின் மேல் புதிதாக எதையாவது எழுதினால், டிஸ்க் அதற்கு ஒரு முடிவு கட்டிவிடும். எண்ணிக்கை குறைந்து, எல்லாம் சரியானது போலத் தோன்றும். ஆனால் அதில் இருந்த பழைய தரவு அத்தோடு போயிற்று. நிதானமாகத் திரும்பத் திரும்பப் படித்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

ஸ்மார்ட் எல்லாம் நன்றாகக் காட்டினாலும் முழுக்க நம்ப வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் தங்கள் தரவு நிலையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவை, ஸ்மார்ட்டின் வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போய்ச் சேர்ந்திருந்தன. அறிகுறி வந்தால் ஆபத்து நிச்சயம். வராததால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

சாருடைய டிஸ்க்கில் 5 பூஜ்யமாக இருந்தது. 197-இல் 16 என்று காட்டியது.

"பதினாறுதானே?"

"பதினாறுதான் சார். ஆனா அதுல ஒண்ணு பதிவேட்டோட முதல் பக்கத்துல விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். பொசுக்குனு கரண்ட் போனதால ஆகியிருக்கலாம்."

இப்படி ஓர் எண்ணைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முழுப் பிரதி எடுப்பது. கோப்புகளைக் காப்பி செய்வது அல்ல. டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல், அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவர் பொருள் புரியாத இடத்திலும் எழுத்தை எழுத்தாகவே பெயர்ப்பது மாதிரி. அதன் பிறகு சோதனை, திருத்தம், தவறு எல்லாம் பிரதியின் மேல். மூலத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். பிரதியில் தவறினால் இன்னொரு பிரதி எடுக்கலாம்.

இதற்கு நான் நம்புவது லினக்ஸில் ஓடும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், டிஸ்க்கைக் கண்டதும் திறந்து பார்க்க முயன்று அதைத் தொந்தரவு செய்யும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை குறைவு. டிடிரெஸ்க்யூவின் சிறப்பு அதன் பொறுமை. சாதாரணக் காப்பி, கெட்ட இடம் வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இது கெட்ட இடத்தைத் தாண்டி, முதலில் எளிதாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். எதுவரை முடிந்தது என்று தனியாக ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் குறிப்புக் கோப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிரதி எடுக்கும் டிஸ்க், மூலத்தின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சார் 4 டெராபைட் ஒன்று வாங்கி வந்தார். இரண்டாவது இதைவிட முக்கியம். எது மூலம், எது பிரதி என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் உங்கள் கூத்தின் மேல் எழுதப்படும். அளவையும் வரிசை எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்து, கட்டளை கொடுப்பதற்கு முன் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாரைத்தான் படிக்கச் சொன்னேன். விடைத்தாள் திருத்துகிற கவனத்தோடு இரண்டு முறை படித்தார்.

நலமான டிஸ்க் என்றால் யுஎஸ்பி 3.0-இல் 2 டெராபைட்டுக்கு ஆறு மணி நேரம் ஆகலாம். பழைய துளையில் ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகலாம். நோயுற்றது என்றால் நாள்கணக்கும் உண்டு. அதுவரை டிஸ்க்கை நகர்த்தக் கூடாது, சூடேறாமல் ஃபேன் காற்று படட்டும். ஓடும்போதே 'டக் டக்' தொடங்கினால் உடனே நிறுத்தி, மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் மாலை சார் வந்தபோது பிரதி தயாராக இருந்தது. சில கிலோபைட் தவிர எல்லாம் வந்துவிட்டது. மூலத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினேன். இதுவும் இலவசம். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. விண்டோஸ் டிஸ்க்குகளில் பரவலாக உள்ள என்டிஎஃப்எஸ் முறை, பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு ஒரு நகலை அந்தப் பகுதியின் கடைசியில் எழுதி வைக்கிறது. கிராமக் கணக்கு கிழிந்தாலும் தாலுகா அலுவலகத்தில் ஒரு நகல் இருப்பது மாதிரி. முதல் பக்கம் கெட்டிருக்கிறது, நகல் நன்றாக இருக்கிறது என்று திரையில் வந்தது. நகலை முதல் இடத்துக்கு எடுத்து எழுதச் சொன்னேன். பிரதி என்பதால் கை நடுங்காமல் எழுத முடிந்தது.

திரும்பச் செருகியதும் கோப்புறைகள் வரிசையாக வந்தன. ஊர்ப் பெயரும் வருடமும் சார் வைத்தபடியே இருந்தன. ஒன்றைத் திறந்தார். முகவீணைச் சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. ஒரே ஒரு பதிவில் மட்டும் சில நொடிகள் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது.

எல்லாருக்கும் இவ்வளவு நல்லபடியாக முடியாது. நகலும் கெட்டுப்போய், பதிவேடே இல்லை என்றால் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவை பதிவேட்டைப் பார்ப்பதில்லை. வயலில் நேராக இறங்கி நடக்கின்றன. ஜேபெக் படம் என்றால் அதன் தொடக்கத்தில் எப்போதும் ஒரே அடையாள எண்கள் இருக்கும். அவற்றைக் கண்ட இடத்தில் ஒரு படம் தொடங்குகிறது என்று தோண்டி எடுக்கும். பெயர், தேதி, கோப்புறை எல்லாம் போய்விடும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் உடைந்து வரலாம். ஆனாலும் படம் கிடைக்கும். எடுத்ததை எங்கே சேமிக்கச் சொல்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம்: எந்த டிஸ்க்கைத் தோண்டுகிறீர்களோ, அதிலேயே சேமிக்கக் கூடாது.

தட்டும் சத்தம், கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது, அளவே தெரியாதது, இந்த நான்குக்கும் வீட்டில் மருந்து இல்லை. தூசி வடிகட்டிய அறையும் மாற்று ஹெட்டும் உள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பல ஆயிரங்கள் ஆகும். கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: முதலில் பிரதி எடுப்பீர்களா? எங்கே வைத்துத் திறப்பீர்கள்? தரவு வராவிட்டால் கட்டணம் எவ்வளவு? வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள பிரதியை அழிப்பீர்களா? நீங்களும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். விழுந்ததை, திறந்து பார்த்ததை, யாரெல்லாம் என்னென்ன செய்தார்கள் என்பதை எல்லாம். மருத்துவரிடம் மறைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

தட்டே இல்லாத எஸ்எஸ்டி வகை வேறு. அதில் சத்தம் வராது, எச்சரிக்கையும் குறைவு. அழித்த கோப்பின் இடத்தை அதுவே பின்னணியில் துடைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அதில் தவறுதலாக அழித்துவிட்டால் உடனே பிடுங்குவது இன்னும் அவசரம்.

இனி வராமல் இருக்க என்ன செய்வது என்று சார் கேட்டார். சுழலும்போது அசைக்காமல் இருப்பது, முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்துப் பிடுங்குவது, கரண்ட் போகும் ஊரில் மேசைக் கணினிக்கு ஒரு யுபிஎஸ் வைப்பது எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை டிஸ்க்கின் ஆயுளைக் கூட்டும், சாகாவரம் தராது. எல்லா டிஸ்க்கும் ஒருநாள் போகும். பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர், படங்களைப் பாதுகாப்பது பற்றி எழுதும்போது ஓர் எளிய கணக்கைச் சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ஒரு தீயோ வெள்ளமோ திருட்டோ மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அதன் உயிர். நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கூத்தும் இப்படித்தானப்பா வந்திருக்கு" என்றார். "ஒரு வாத்தியார் வாயில மட்டும் இருந்திருந்தா எப்பவோ போயிருக்கும். அவர் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தாரு, அவங்க ஆளுக்கொரு ஊருக்குப் போனாங்க. நாந்தான் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு வீட்ல வச்சிருந்தேன்."

ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கட்டும், ஒன்றை வேலூரில் இருக்கும் மகள் இணையச் சேமிப்பில் ஏற்றி வைக்கட்டும் என்று முடிவானது. மூன்றாவதை யாரிடம் கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரோடு கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த சின்னப் பையன் ஒருவன் திரையில் தெரிந்த கர்ணனைக் கைகாட்டி, "இது எங்க தாத்தா" என்றான். மூன்றாவது பிரதி திறக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.